எண்ணாமல் விட்ட நேரம்

என் நாத்தனாரிடம் நல்ல செய்தி சொல்லப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கெட்டதை உடனே நம்பிவிடுவாள். நல்லதைச் சொன்னால்தான் முகம் சுருங்கிப்போகும். "எப்டித் தெரியும்? யாரு பாத்தா? மறுக்கா பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் எனக்கு வேலை கிடைத்த அன்று, ஸ்வீட் பாக்ஸோடு அவள் முன்னால் போய் நின்றேன். பாக்ஸைத் தொடக்கூட இல்லை. "ஆர்டர்ல கையெழுத்து கீதா, பாத்தியா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிரித்துப் பார்த்தால் நிஜமாகவே கையெழுத்து இல்லை. மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவள். காலடிப்பேட்டைச் சந்தில் பிறந்து, படித்துப் படித்து எங்கேயோ ஒரு குளிர் தேசத்தில், ஒரு மலைக்கு அடியில் வேலைக்குப் போனவள். நியூட்ரினோ என்று ஒரு துகள் இருக்கிறதாம், அதைப் பிடிக்கிற வேலை. எத்தனை நாடு சுற்றினாலும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியதும் மெட்ராஸ் பாஷை வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் நடுவே அவள் இங்கிலீஷில் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இது அக்கா இல்ல, அக்கா மாரி வேசம் போட்டுகினு வேற யாரோ" என்று இவர் சிரிப்பார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபின் இவரைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். அதனால் அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிட முடியாது, வீட்டில் சண்டை வந்துவிடும்.

இவர் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. தரையில் நிற்கிற இவர் கைதான் அவருக்குக் கண். அந்தக் கிரேனை ஓட்டியவர் தண்டையார்பேட்டை காதர் பாய். யார்டில் இருக்கும் நேரம் போக மீதி நேரத்தில் பாதி எங்கள் வீட்டில்தான் இருப்பார்.

ஒரு லீவில் அக்கா வந்திருந்தபோது, மத்தியானம் வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே காதர் பாய் மெதுவாகக் கேட்டார். "அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காத. நெசமாவே ஒனக்கு இன்னா வேல?"

"இருட்டுல குந்திகினு வெளிச்சம் வருதான்னு பாக்கற வேல பாய்."

"வருதா?"

"எப்பவாச்சும்."

அவர் விடவில்லை. அக்கா தன் இடது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். "இந்தக் கைக்குள்ள இப்போ கோடி கோடியா பூந்து போய்கினு கீது. சூரியன்லேந்து கெளம்பி வர்றது. கூரைய, என்ன, ஒன்ன, தரைய, மொத்த பூமியையும் தாண்டி அந்தாண்ட போயிடும். ஒருத்தரையும் தொடாது."

"எனக்கு ஒண்ணியும் தெர்லியே."

"தொட்டாத்தான தெரியும். ஆனா அம்மாம் கோடில எப்பவாச்சும் ஒண்ணு போய் ஒரு அணுமேல நேரா இடிச்சிடும். அந்த ஒண்ணத்தான் பிடிக்கணும். எது இடிக்கும், எங்க இடிக்கும், தெரியாது. அதனால இடி வாங்கறதுக்கு நெறைய தண்ணிய ஒரே எடத்துல ரொப்பி வெச்சிகினு காத்துகினு கீறோம்."

அப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. மலைக்கடியில் குடைந்த குகைக்குள், பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை அப்படியே உள்ளே இறக்கலாம் என்கிற அளவுக்கு ஒரு தொட்டி. அது நிறையத் தண்ணீர். நாம் குடிக்கிற தண்ணீர் இல்லை, உப்பு, தூசி, காற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்ட தண்ணீர். தொட்டியின் சுவர் முழுக்கப் பெரிய பெரிய கண்ணாடிக் குமிழ்கள். பார்க்க பல்பு மாதிரி இருக்கும், ஆனால் வெளிச்சம் கொடுக்கிற பல்பு இல்லை, வாங்கிக்கொள்கிற பல்பு. துளி வெளிச்சம் பட்டால்கூட அதை மின்சாரத் துடிப்பாக மாற்றி மேலே அனுப்பிவிடும். நியூட்ரினோ கண்ணுக்குத் தெரியாது, குமிழுக்கும் தெரியாது. அது இடித்ததில் ஒரு சின்னத் துகள் தெறித்து ஓடும், அந்த ஓட்டம்தான் தெரியும்.

"காசிமேட்டுல மீன்புடி போட்டு வேகமா போனா பின்னாடி அல ரெண்டு பக்கமும் விரிஞ்சிகினே வருதுல்ல? ஏன்? அல போற வேகத்தவிட போட்டு வேகமா போவுது. அதே கததான். தண்ணிக்குள்ள வெளிச்சம் ரவ மெதுவா போவும். தெறிச்ச துகள் அத்த முந்திகினு ஓடும். அப்ப வெளிச்சம் அல மாரி விரியும், நீலமா. சொவத்துல ஒரு வளையமா வந்து விழும். கண் சிமிட்டற நேரம்கூட இருக்காது."

அந்த வளையம் எப்படி விழுந்தது என்பதை வைத்துத் துகள் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமாம். விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒரு வகை நியூட்ரினோ, கலைந்தாற்போல் இருந்தால் வேறு வகை.

"அத்த எதுக்கு மலைக்கு அடில? எங்க யார்டுல தொட்டி கட்டுனா ஆவாதா?" என்று கேட்டார் காதர் பாய்.

"வானத்துலேந்து வேற துகளுங்க மழ மாரி கொட்டிகினு கீது பாய். அதுங்களும் தண்ணில வெளிச்சம் போடும். ஒங்க யார்டுல அத்தினி கிரேனும் ஓடிகினு இருக்கறப்ப ஒருத்தன் காதுல கிசுகிசுன்னு பேசினா ஒனக்குக் கேக்குமா? மல அந்த மழைய தடுத்துடும். நியூட்ரினோவுக்கு மலையும் ஒண்ணுதான், கொசுவலையும் ஒண்ணுதான்."

தடுத்தும் சில வந்துவிடுமாம். அதற்காகத் தொட்டியைச் சுற்றி வெளியே இன்னொரு தண்ணீர் அடுக்கு, அதிலும் குமிழ்கள். வெளி அடுக்கில் முதலில் வெளிச்சம் வந்தால் வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தம். உடனே அதைத் தள்ளிவிட வேண்டும். அது போன தடத்தில் கொஞ்ச நேரத்துக்கு என்ன வந்தாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

"அந்தக் கொஞ்ச நேரத்துல நெசமானது வந்துட்டா?" என்று இவர் கேட்டார்.

"போச்சு. அத்தயும் சேத்துத்தான் தள்ளணும். வேற வழி இல்லடா. பொய்ய உள்ள உடறதுக்கு உண்மைய கொஞ்சம் வெளிய உடறது மேல்."

இதுதான் அக்கா. அவளுடைய மொத்த குணமும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு தடவை அங்கே ஒரு மூலையில் புதுமாதிரி வெளிச்சம் திரும்பத் திரும்ப வந்ததாம். எல்லோரும் குதித்திருக்கிறார்கள், கேக் வெட்டியிருக்கிறார்கள். இவள் மட்டும் கேக்கைத் தொடாமல் ராப்பகலாக உட்கார்ந்து துருவியிருக்கிறாள். கடைசியில் பார்த்தால் பழுதான ஒரு குமிழ் தானே உள்ளுக்குள் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க வைத்த கண்ணே வெளிச்சத்தைப் போட்டிருக்கிறது. "அன்னிக்கி அங்க யாரும் என்கூட பேசல" என்று சொல்லிவிட்டு வஞ்சிரத்தின் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மழை பெய்த ஒரு காலையில் இவர் கன்டெய்னர் மேலே சிக்கிய கொக்கியை எடுக்க ஏறி, வழுக்கி விழுந்தார். தலையில் அடி. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கண் திறந்தது, ஆனால் அந்தக் கண் யாரையும் பார்க்கவில்லை. தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய், மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். அந்த நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். தொண்டைக் குழாயில் சளி அடைத்தால் மிஷினை வைத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இழுக்கும்போது கை தானாகக் குழாயைப் பிடுங்கப் போகும், அதனால் முதலில் கையைக் கட்டிலோடு கட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். பழைய பனியனைக் கிழித்துக் கட்டினேன். ஒரு நாளைக்குப் பல தடவை கட்டி, இழுத்து, அவிழ்த்து, மாதக்கணக்கில் இதுதான் என் வேலை. சரக்கு ஏஜென்சி வேலை எப்போதோ போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "பயிற்சி கொடுத்து ஆளை மீட்கிற வார்டு ஒண்ணு இருக்கும்மா. இடம் குறைவு. உள்ளே நினைவு இருக்குன்னு ஏதாவது ஒரு அடையாளம் இருந்தாத்தான் எடுப்பாங்க. சொன்னதைக் கேட்டு ஒரு விரலை அசைச்சாக்கூடப் போதும். அது தானா துடிக்கிற துடிப்பா இருக்கக் கூடாது. அடுத்த செக்கப்புக்குள்ள பாருங்க. அப்பவும் இல்லேன்னா, வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்கறதுதான்." வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அடுத்த முறை தாங்கமாட்டார்.

அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் அறை நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினாள். கத்திரி வெயில். "இன்னாக்கா, அவரு வேர்வைல கெடக்கறாரு" என்றேன். "காத்துக்கு இம அசையுதுமே. அத்தப் பாத்து ஏமாந்துடுவோம்" என்றாள். அப்புறம் பனையோலை விசிறியை எடுத்துக் கால்மாட்டில் உட்கார்ந்து, முகத்தில் காற்றுப் படாதபடி கையால் விசிறினாள். அப்படி மணிக்கணக்கில் விசிறுவாள். அந்தக் கை வலிக்குத்தான் அவளை என்னால் முழுசாக வெறுக்க முடியாமல் போயிற்று.

ஒரு நாள் காதர் பாய் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "தங்கச்சி, அசச்சான்! வெரல அசச்சான்! ‘நைனா, நான் காதரு வந்துகீறேன்’னு சொன்னேன், சுண்டு வெரலு தூக்கினான்!" போனில் வீடியோவும் எடுத்திருந்தார். நான் அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. விரல் தூக்கியது, நிஜமாகவே தூக்கியது. காதர் பாய் பள்ளிவாசலுக்கும் நான் மாதா கோயிலுக்கும் ஓடினோம்.

திரும்பி வந்தால் அக்கா கட்டிலின் சட்டத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் தெரு முனையில்தான் எண்ணூர் நெடுஞ்சாலை, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி ஓயாது. "ரவ கம்முனு பாரு" என்றாள். பார்த்தேன். ஒரு லோடு லாரி போனது. டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. அடுத்த நொடி சுண்டு விரல் தூக்கியது. காலி லாரி போனது, தண்ணீரும் நடுங்கவில்லை, விரலும் தூக்கவில்லை. இன்னொரு லோடு லாரி வந்தது, மறுபடியும் தூக்கியது.

"பாயி பேசினப்பகூட வீடியோல பின்னால லாரி சத்தம் கீதுமே" என்றாள் அக்கா. நான் அந்த டம்ளரை எடுத்து வாசலில் வீசினேன். "போய் ஒன் தொட்டில தேடு போ! இங்க வந்து எம் புருசன சாவடிக்காத!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவள் போய்த் தண்ணீரைத் துடைத்தாள்.

அந்த வாரத்தில் டிரெய்லர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோடு வெறிச்சோடியது. இதைவிட்டால் வேறு நேரம் கிடையாது என்று அக்கா எங்களை உட்காரவைத்துச் சோதனை சொல்லிக்கொடுத்தாள். "நீ இன்னா பாக்க ஆசப்படறியோ அதுதான் ஒனக்குத் தெரியும். எனக்கும் அப்டித்தான். நான் படிச்சவ, எனக்கு அது வராதுன்னு நெனக்காத. அதனால எங்க வேலைல வெடைய எங்ககிட்டேந்தே ஒளிச்சி வெச்சிடுவோம். எல்லாத்தயும் முடிச்சிட்டுத்தான் தெறந்து பாப்போம்."

காதர் பாய் காசைச் சுண்டி, என்ன விழுந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வார். தலை விழுந்தால் நான் இவர் காதில் "விரல அசைங்க" என்று கேட்க வேண்டும். பூ விழுந்தால் அதே குரலில் வேறு எதையாவது பேச வேண்டும், மீன் விலை, பக்கத்து வீட்டுச் சண்டை. நடுவில் என் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள். அந்தப் பக்கம் அக்கா, யார்டில் இவர் மாட்டுகிற காதடைப்பானை மாட்டிக்கொண்டு, என் குரலும் முகமும் தெரியாமல் கையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வாள். சளி இழுக்கிற நேரம் வந்தால் சோதனையை நிறுத்திவிடுவாள். "அந்நேரம் ஒடம்பு தன்னால துடிக்கும். வலிக்கு நரம்பு இழுக்கும், அதுக்கு நெனவே தேவ இல்ல. அப்ப வர்றது எத்தயும் எண்ணக்கூடாது." நான் கையைக் கட்டுவேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காதர் பாய் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் தெருவுக்கே போய்விடுவார்.

வேலைநிறுத்தம் முடிகிறவரைக்கும் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், கல்யாணத்தன்று அவர் காதில் சொன்னதையெல்லாம் சொல்லிக் கேட்டேன். கடைசி நாள் இரண்டு பக்கக் குறிப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். லாரி இல்லாததால் அசைவே குறைந்திருந்தது. அந்தக் கொஞ்சமும் நான் கேட்டபோதும் வந்திருக்கிறது, மீன் விலை பேசியபோதும் வந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றுமில்லை.

"அப்ப அவரு இல்லியா?"

"இல்லன்னு நான் சொல்லல."

"கீறாரா?"

"அத்தயும் என்னால சொல்ல முடியாது."

நான் அவள் காலில் விழுந்தேன். வெட்கமாக இல்லை. "அக்கா, ஒரே ஒரு பொய் சொல்லுக்கா. வீடியோ கீது. லாரின்னு டாக்டருக்கு இன்னா தெரியும்? நீ படிச்சவ, நீ சொன்னா நம்புவாரு. அந்த வார்டுல ஒரு எடம் கெடச்சா போதும். அது ஒன் தம்பி, அக்கா!"

அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்தாள். "இன்னிக்கி நான் பொய் சொல்லிட்டா, நாளைக்கி அவன் நெசமாவே அசச்சா யாருமே நம்பமாட்டாங்கமே. நானே நம்பமாட்டேன். அப்ப அவன் எங்க போவான்?"

எனக்கு அந்த நியாயம் எதுவும் தேவைப்படவில்லை. சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள், எனக்கா, அவளுக்கேவா என்று தெரியவில்லை. "மொதமொதல்ல சூரியன்லேந்து வர்ற நியூட்ரினோவப் பிடிக்க ஒரு சுரங்கத்துல தொட்டி வெச்சாங்க. தண்ணி இல்ல, துணிய டிரை கிளீன் பண்ற மருந்து. நியூட்ரினோ இடிச்சா அதுல ஒரு அணு வேற அணுவா மாறும். அத்தினி பெரிய தொட்டிலேந்து அந்த ஒண்ணு ரெண்டு அணுவத் தேடி எடுத்து எண்ணினாங்க. வரவேண்டியதுல பாதிகூட வர்ல. எண்ணினது தப்புன்னாங்க, சூரியன் கணக்கு தப்புன்னாங்க. பல வருசம் சண்ட. கடசில பாத்தா எல்லாமே வந்துகினுதான் இருந்திச்சி. வர்ற வழில வேற வகையா மாறிடுச்சி. அந்தத் தொட்டிக்கு ஒரு வகதான் தெரியும். மத்தது அது வழியாவே போயிருக்கு, தெர்ல." பிறகு, "நான் எந்த வகைய பாக்காம உட்டேன்னு தெர்லியேமே" என்றாள். அவள் அழுவதை அன்றுதான் கேட்டேன். கதவைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை.

செக்கப்புக்கு முந்தின நாள் காலை, இவர் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டது. சளி இழுக்க வேண்டும். பனியன் துணியை எடுத்தால், மணிக்கட்டில் தோல் உரிந்து சதை தெரிந்தது. அந்தப் புண்மேல் எப்படிக் கட்டுவது என்று துணியோடு நின்றுவிட்டேன்.

"கட்டாத. நான் புடிச்சிக்கறேன்" என்றாள் அக்கா. நாங்கள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் வைத்து, மேலே இழுக்க வந்தால் பிடிக்கத் தயாராக இன்னொரு கையை வைத்துக்கொண்டாள்.

மிஷினைப் போட்டேன். தொண்டைக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டேன். எப்போதும் போல உடம்பு தூக்கிப்போட்டது, முகம் சிவந்தது, கை முஷ்டி மூடியது. அதுவரை நான் பார்த்ததுதான். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை நான் பார்த்ததே இல்லை, கை கட்டப்பட்டுத்தான் இருக்கும். முஷ்டி மெதுவாகத் திறந்தது. விரல்கள் விரிந்தன. உள்ளங்கை கீழ்ப்பக்கமாக, தட்டையாக, அக்காவின் கைமேல் இடது பக்கம் நகர்ந்தது. வலது பக்கம் நகர்ந்தது. மறுபடியும் இடது.

எனக்கு அது தெரியும். யார்டில் சரக்குத் தூக்கும்போது ஏதாவது கோணலாகப் போனால் கிரேனுக்குக் காட்டுகிற சைகை. கையைத் தட்டையாக வைத்து இடமும் வலமுமாக வீசினால், நிறுத்து. வீட்டில் நான் சோறு அதிகமாகப் போட்டாலும் தட்டுக்கு மேலே அதையேதான் வீசுவார். குழாயைச் சட்டென்று வெளியே எடுத்தேன். கை நின்றுவிட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஷின நிறுத்தாத. சத்தம் ஓடட்டும். கொழாய மட்டும் உள்ள உடாத" என்றாள். மிஷின் ஓடியது. நான் குழாயை அவர் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கை அசையவில்லை. ரோட்டில் லோடு லாரி ஒன்று போனது. சுண்டு விரல் மட்டும் தூக்கி விழுந்தது, உள்ளங்கை அப்படியே இருந்தது. நெஞ்சில் கரகரப்பு ஏறிக்கொண்டே போயிற்று, அதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை. குழாயை மறுபடி உள்ளே விட்டேன். முஷ்டி மூடியது. முஷ்டி திறந்தது. கை தட்டையாகி இடமும் வலமுமாகப் போயிற்று.

"கீறான்" என்றாள் அக்கா.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்காக நான் எத்தனை நாள் செத்திருப்பேன். அவள் காலில்கூட விழுந்தேன். வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

"உள்ளதான் கீறான்மே" என்றாள். "மொதல்லேந்தே கீறான். ஒவ்வொரு தபாவும் சொல்லிகினுதான் இருந்திருப்பான். நீ கைய கட்டின, நான் மூஞ்சிய திருப்பிகினேன். எண்ணாதன்னு நான்தான சொன்னேன்."

நான் குழாயை எடுத்துவிட்டேன். இனி இதை அவருக்குச் செய்யமாட்டேன் என்றுதான் அந்த நொடி நினைத்தேன். இத்தனை மாதம், ஒவ்வொரு தடவையும், கை கட்டப்பட்டுக் கிடந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் சளி முழுசாக வரவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, உதடு நீலமாகத் தொடங்கியது.

"இழு" என்றாள் அக்கா.

"நிறுத்தச் சொல்றாருக்கா."

"தெரியுது. மூச்சு அடைக்குது, இழு!"

அவர் கண்ணைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்ததா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. குழாயை உள்ளே விட்டேன். அக்கா அவர் காதோரம் குனிந்து, தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். "தெரியுது தம்பி. பாத்துட்டோம்டா. அக்காவுக்குத் தெரியுது." அவள் கைமேல் அவர் கை நிறுத்து, நிறுத்து என்று போய் வந்துகொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.